சர்க்கரைப் பட்டு

ஜூன் 9, ஞாயிறு

இன்று மாலை ஒரு பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்தேன். என் விரல் அதற்குள் புதைந்தது.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். என் கணவரின் அலுவலக நண்பர் மகளுக்கு வண்ணார்பேட்டையில் திருமண வரவேற்பு. மேடையோரத்து மேசையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பின் விளிம்பில் சரிகை மின்னியது. முந்தானை ஒரு பக்கம் சரிந்து, நுனியில் குஞ்சங்களோடு தொங்கியது. மணப்பெண்ணின் மாற்றுச்சேலை கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்ற நல்லெண்ணத்தில்தான் தொட்டேன். அது கேக்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பரவால்லக்கா, பட்டுன்னு நெனச்சுத்தானே தொட்டீங்க. எனக்கு அதுவே போதும்" என்று சிரித்தாள். கட்டைவிரலால் இரண்டு முறை நீவினாள். பள்ளம் மறைந்தது. பெயர் ருகையா. எங்கள் பாளையங்கோட்டையில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வீட்டில் வைத்துக் கேக் செய்கிறாளாம். என்னைவிட இரண்டு வயது குறைவு இருக்கலாம். சேலை போல் விரிந்திருந்த அந்தச் சர்க்கரை மாவுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர்.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தட்டச்சு, பூத்தையல், இந்தி, வருமானவரிப் படிவம் நிரப்புதல் ஆகிய யாவற்றையும் நூல்களின் துணைகொண்டு, எவரிடமும் கேளாது நானே கற்றேன். இதையும் கற்பேன்.

ஜூன் 12, புதன்

ஆகஸ்ட் 29 அன்று பர்வதம் மதினி வீட்டு அண்ணாச்சிக்கு அறுபதாங்கல்யாணம். மதினி என் கணவரின் மூத்த சகோதரி; அண்ணாச்சி அவருடைய கணவர். மாலை வரவேற்பில் கேக் வெட்ட வேண்டுமென்று அவருடைய பேரப்பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்களாம். கேக் என் பொறுப்பு என்று தொலைபேசியில் அறிவித்துவிட்டேன்.

"ஏட்டி சிவகாமி, முட்டை வாடை பட்டாலே எனக்குக் கொடலு பொரட்டும். தெரியும்லா?"

"முட்டையில்லாமதான் மதினி செய்யுதேன்."

"கடையில வாங்கினா கிட்டயே வர மாட்டேன். உன் கைன்னா கண்ண மூடிட்டுத் திம்பேன்."

மதினி சிவதீட்சை பெற்றவர். வெளியூர் போனாலும் தம் சொம்பிலிருந்தே தண்ணீர் அருந்துவார். உணவகத்தில் அமர்ந்து உண்டவர் அல்லர். அப்படிப்பட்டவர் இப்படிச் சொன்னதை ஒரு பட்டமாகவே கருதுகிறேன்.

ஜூன் 19, புதன்

கேக் சாமான் விற்கும் கடைக்குச் சென்று ஐசிங் சுகர், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின், சாயங்கள் வாங்கிவந்தேன். செய்முறையைக் கைப்பேசியில் பதினொரு காணொளிகள் கண்டு குறிப்பெடுத்திருந்தேன். கிளிசரின் புட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று சரிபார்த்தேன். ஜெலட்டினைச் சில்லறையாக நிறுத்துச் சிறு உறையில் கட்டித் தந்தார்கள்.

ஜெலட்டினை வெந்நீரில் கரைக்கையில் ஒரு வாடை எழுந்தது. கழுவுதொட்டிக் குழாய் அடைத்திருக்கலாம் என்று சோடா உப்புப் போட்டுக் கழுவினேன்.

மாவைப் பிசைந்து பூரிக்கட்டையால் விரித்துக் கேக்கின்மேல் போர்த்தினேன். நான்கு மூலையும் கிழிந்து, வயோதிக யானையின் முழங்கால்போல் சுருங்கிற்று. என் கணவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "சேலைன்னே. இது துவைக்கப் போட்ட சேலையாக்கும்?" என்றார். நான் இட்லிக்கு அரைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

நேற்றைய கேக் பிழையின்றி அமைந்தது. அரக்கு நிறம். காற்றில் சாரலின் ஈரம் இருந்ததால், காப்பாற்றும் பொருட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் வெளியே எடுத்த கால் மணி நேரத்தில் அதற்கு வியர்த்தது. அரக்கு கரைந்து மேசையிலும், மேசையிலிருந்து தரையிலும் வடிந்தது. வேலைக்கு வரும் இசக்கியம்மா வாசலிலேயே நின்று, "யம்மா, ஆருக்கு என்ன ஆச்சு?" என்று அலறிவிட்டாள்.

தற்செயலாக அடுத்த தெரு வழியே செல்ல நேர்ந்தது. ருகையா வாசலில் நின்றாள். அரக்குச் சாயம் படிந்த என் கைகளைப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜுக்குள்ள வச்சீங்களாக்கும்?"

"ஒரு பரிசோதனைக்காக வச்சேன்."

"நானும் அதே பரிசோதனைய ஒரு கல்யாணக் கேக்குல செஞ்சேன்க்கா. மாப்பிள்ளை சட்டையெல்லாம் செகப்பு." அவள் கேலி செய்யவில்லை. தன் தவற்றை என் தவற்றுக்கு அருகே கொண்டுவந்து அமர்த்தினாள். அந்தப் பண்பை இங்கே பதிவு செய்கிறேன்.

தேநீர் தந்தாள். வயிறு சரியில்லை என்று கூறி மறுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

இவ்வாரத்தில் நான்கு நாட்கள் ருகையாவின் வீட்டுக்குச் சென்றேன். கற்பதற்காக அல்ல. கவனிப்பதற்காக.

அவள் முன்பு சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள். பதினான்கு ஆண்டுகளாக ஒரு நாளைக்கு எட்டுச் சேலை. கொசுவம் எங்கே விழும், பட்டு எங்கே விறைக்கும், சின்னாளப்பட்டி எங்கே துவளும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். மாவை விரித்ததும் கண்ணால் அளப்பதில்லை. புறங்கையை அதன் அடியில் நுழைத்துத் தூக்குகிறாள். விரல் நுனியால் தூக்கினால் நகம் கிழிக்குமாம். கேக்கின்மேல் போர்த்திய பிறகு கீழ்நோக்கி இழுப்பதில்லை. பாவாடையின் விளிம்பை விரிப்பதுபோல் வெளிப்புறமாக விரித்து, பிறகுதான் அணைக்கிறாள். பதினொரு காணொளிகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

"இதெல்லாம் ஆரு சொல்லித் தந்தா?" என்று வினவினேன்.

"ஆரும் இல்லக்கா. கெட்டுப்போன கேக்குதான்."

எனக்குள் ஏதோ இளகியது. ஆனால் அவள் என்ன பக்குவத்தில் மாவு பிசைகிறாள் என்று நான் கேட்கவில்லை. என் பக்குவம் எனக்கு இருக்கிறது. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஒத்திகையாக ஒரு சிறு கேக் செய்து மதினி வீட்டுக்குக் கொண்டுசென்றேன். பால்வெள்ளை, விளிம்பில் முத்துக் கோத்தாற்போல் உருண்டைகள். மதினி இரண்டு துண்டு உண்டார். விரலையும் நக்கினார்.

"மேல உள்ளது ரப்பரா இழுக்கு. ஆனா ருசியாத்தான் இருக்கு. ஏட்டி, அண்ணாச்சிக்கு ஒரு துண்டு மூடி வையி."

என் வாழ்நாளின் மேன்மையான ஞாயிற்றுக்கிழமைகளில் இதுவும் ஒன்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

எரிவாயு உருளை தீர்ந்தது. கேக்கின்மேல் வைக்கச் சர்க்கரை மாவில் செய்யும் தாமரை இதழ்கள் பதினொன்று முடிந்தன.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அறுபது ஆண்டுகளுக்கு அறுபது இதழ்கள் என்பது என் திட்டம். இன்று அறுபதாவது இதழைக் குழிக்கரண்டியின் முதுகில் சாய்த்து உலரவைத்தேன். அடியில் வெண்மை, நுனியில் ரோஜா நிறம், நடுவே ஊசியால் கீறிய நரம்புகள். வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியவை. இதழ் விளிம்பை உள்ளங்கையின் குழியில் வைத்து அழுத்தி மெலிதாக்கும் முறை ருகையாவினுடையது. அதை மறைப்பது நேர்மையாகாது. நரம்பு கீறும் முறை என்னுடையது. அதை அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இத நான் எடுத்துக்கிடலாமாக்கா?" என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். நெடுநேரம் மகிழ்ச்சியாக இருந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

இதழ்களைக் காண ருகையா வந்தாள். கூடத்து மேசையில் பரப்பியிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மாஷா அல்லா, உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்க்கா" என்றாள். மேசையில் மாவுச் சாமான்கள் வைத்த தட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு சிறு உறையை எடுத்தாள்.

"இது என்னதுக்கா?"

"ஜெலட்டின். நீயும் அதைத்தானே போடுவே?"

உறையை வைத்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். அடுப்பில் சோறு இருக்கிறது என்று கூறிப் புறப்பட்டாள்.

பத்து நிமிடம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. மூச்சிரைக்க நின்றாள்.

"பாதித் தெருவுல திரும்பிட்டேன்க்கா. சொல்லாமப் போனா நான் தொழுகையில நிக்க முடியாது. வையாதீங்க. ஜெலட்டின்னா மாட்டு எலும்பு, தோலு, எல்லாத்தையும் கொதிக்க வச்சு எடுக்கது. பன்னியாக்கூட இருக்கலாம். எதுன்னு தெரியாதுன்னுதான் நாங்களே அதைத் தொடுறதில்ல. நான் கடப்பாசியிலதான் செய்யுதேன், அது கடல்ல வெளையுறது."

"முன்னமே ஏன் சொல்லல?"

"நீங்க எதுல செய்யுதீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. கேட்டா உங்களுக்குப் பிடிக்காதே."

இவ்வாக்கியத்தை எழுதியபின் சற்று நிறுத்தினேன்.

முற்றத்துக்குச் சென்று வாய் கொப்பளித்தேன். பல முறை. இரண்டு மாதமாக ஒவ்வொரு பிசைவையும் ருசி பார்த்த நாக்கு இது. இந்த வீட்டில் வெங்காயம் நறுக்கிய கத்தியால் பூசைக்குப் பழம் அரிந்ததில்லை. முட்டையில்லை, முட்டையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவருக்கு எலும்பை ஊட்டினேன்.

அறுபது இதழ்களும் மேசையில் இருந்தன. "நீயாவது எடுத்துட்டுப் போ" என்றேன்.

"எங்களுக்கும் ஆகாதேக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எவ்விதம் என்று தெரியவில்லை, சிரித்துவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் ஆகாத ஒரு தாமரை. நானே குப்பைத்தொட்டியில் கொட்டினேன். உடையும்போது மெல்லிய ஓசை எழுந்தது.

என் கணவரிடம் கூறினேன். "தெரியாமச் செஞ்சதுல பாவமில்ல. புதுசாச் செய்யி, அதோட விடு. ஆடியில திண்ணதை இப்ப அக்காட்ட போயிச் சொன்னே, அறுபதாங்கல்யாணம் அழுகையாப் போயிரும்" என்றார். அவர் கூறுவதில் நியாயம் உண்டு.

பசியில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பூரிக்கட்டையை எறிந்தேன். பாத்திரங்களைப் புளியிட்டுத் தேய்த்து, கொதிநீரில் இட்டெடுத்தேன்.

ஒன்பது மணிக்கு ருகையா வந்தாள். கைவசம் இருந்த ஒரு பிறந்தநாள் கேக்கைத் தன் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். கையில் கடற்பாசி உறை மட்டும். "என் பாத்திரம் எதுவும் கொண்டாரலக்கா. அதுல முட்டை பட்டிருக்கும். உங்க பாத்திரத்துலயே செய்வோம்."

அடுக்களைக்குள் அழைத்தேன். இதுநாள்வரை அவளைக் கூடத்தில் அமர்த்தியே பேசியிருக்கிறேன். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்பதே காரணம். அவள் நிலைப்படியருகே நின்று, "வரலாமாக்கா?" என்று ஒரு முறை கேட்டாள். "வாம்மா" என்றேன். பூசை அலமாரியைக் கண்டு, கேளாமலே அதற்கு எதிர்ப்பக்கம் சென்று நின்றுகொண்டாள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவ்வளவு நாகரிகத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

கடற்பாசி மாவு ஜெலட்டின் மாவுபோல் இணக்கமானதன்று. ஆறினால் இறுகிவிடும். கை பொறுக்காத சூட்டிலேயே பிசைய வேண்டும். நெய் தடவி, ஒருவர் கை சிவந்ததும் மற்றவர் வாங்கிக்கொள்ள, மாற்றி மாற்றிப் பிசைந்தோம்.

"நோம்பு மாசத்துல கடப்பாசி காச்சி, ரோஸ் கலர்ல துண்டு போட்டு வைப்போம்க்கா. வருசா வருசம் ரெண்டு தெருவுக்கும் குடுப்போம்."

"எங்களுக்குத் தந்ததில்லையே?"

"தந்தோமே, சின்னப் பிள்ளைங்கட்ட குடுத்து விட்டு. நீங்க வேலைக்காரம்மாட்ட குடுத்துருவீங்க. இசக்கியம்மா சொல்லியிருக்கா." கோபமின்றி, மாவைத் திருப்பிப் போட்டபடியே கூறினாள்.

நான் மாவை வாங்கிக்கொண்டேன். மிகுந்த சூடு.

மாலைக்குள் இதழ்கள் இருபத்தொன்று. அறுபது ஆகாது. இருபத்தொன்று போதும் என்றாள் ருகையா. தாமரை தன் இதழ்களை எண்ணுவதில்லையாம்.

பசியில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு, தயிரும் சுண்டிய பாலும் சேர்த்தது. நன்கு எழும்பிற்று.

ருகையா பிரிக்காமல் வைத்திருந்த புதிய சுழல்மேடையை, கேக்கை வைத்துத் திருப்பும் தட்டை, வாங்க அவள் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்தாள். பருகினேன். ஏலக்காய் சற்று மிகுதி. வயிறு ஒன்றும் செய்யவில்லை.

பெரிய துண்டாக விரித்துப் போர்த்தினால் கடற்பாசி மாவு மடிப்பில் வெடிக்கிறது. மூன்று முறை போர்த்தினோம். மூன்று முறையும் வெடித்தது. மதியம் ஆயிற்று. ருகையா முதல்முறையாகத் தலையில் கை வைத்துத் தரையில் அமர்ந்தாள். எனக்கோ பூத்தையலில் பட்டை பட்டையாகத் துணி ஒட்டும் வேலை நினைவுக்கு வந்தது. "முழுச் சேலை எதுக்கு? மடிப்பு மட்டும் போதாதா? ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனிப் பட்டையா ஒட்டுவோம்" என்றேன். அவள் எழுந்தாள். நான் பட்டை வெட்டினேன். அவள் வளைத்து ஒட்டினாள். முப்பத்தாறு பட்டைகள். ஐந்து மணிக்கு அரக்குப் பட்டு, பச்சைக் கரை, பொன்தூள் தீற்றிய சரிகை, உச்சியில் இருபத்தொரு இதழ்த் தாமரை என்று முழுச் சேலை நின்றது. ருகையா அதைச் சுற்றிவந்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

என் கணவரும் பார்த்தார். கேலி செய்யவில்லை. "அக்காட்ட சொல்லப்போறியா?" என்று மட்டும் கேட்டார். நான் சரிகையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் கலசாபிஷேகம், தாலிகட்டு. மாலை ஐந்தரைக்கு மண்டபத்துக்குக் கேக் வந்து சேர்ந்தது. ஆட்டோவில் ருகையா அதை மடியில் ஏந்தி அமர்ந்துவந்தாள். மேசையில் வைத்ததும் கூட்டம் கூடியது. "சேலையா, கேக்கா?" என்று மூவர் கேட்டனர். இம்முறை யாரையும் தொட விடவில்லை.

ஆறு மணிக்கு வெட்ட வேண்டும். மதினி மணமகள் அறையில் தனியே இருந்தார். கழுத்து நிறைய மாலை. பவுடர் பூசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சென்று கதவைச் சாத்தினேன். மூன்று நாளாக இவ்விடத்துக்குரிய சொற்களைச் சிந்தித்து வாக்கியங்கள் அமைத்திருந்தேன். "அறியாமையால் நேர்ந்த பெரும்பிழை" என்று தொடங்கும் வாக்கியம். அது வரவில்லை.

"மதினி, ஆடியில நான் கொண்டாந்த கேக்குல எலும்பு இருந்துது."

"என்னட்டி சொல்லுதே?"

சொன்னேன். ஜெலட்டின் என்றால் என்ன என்பதையும், நான் அறியாமல் போட்டதையும், அவர் இரண்டு துண்டு உண்டதையும் சொன்னேன். இன்றைய கேக்கில் அது இல்லை, கடற்பாசி என்றேன். "ஆனா தெரிஞ்ச பொறவு நீங்களே முடிவு பண்ணணும் மதினி. என் கையில திங்கவா வேண்டாமான்னு."

மதினி பவுடர் பஞ்சைக் கீழே வைத்தார். வெளியே நாதசுரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு சொன்னா உனக்கு?"

"ருகையா. கூடமாட நின்னு இந்தக் கேக்கைச் செஞ்சதும் அவதான்."

"அவ சொல்லலேன்னா?"

"தெரிஞ்சிருக்காது."

"நீ சொல்லலேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா மதினி."

அவர் கைப்பையைத் திறந்தார். திட்டப்போகிறார், அல்லது திருநீறு எடுக்கப்போகிறார் என்று எண்ணினேன். ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். மஞ்சளும் வெள்ளையுமான கூடுகளில் பொடி அடைத்த கேப்சூல் மாத்திரைகள்.

"முட்டுவலிக்கு. ஆறு வருசமா ஒரு நாளைக்கு ரெண்டு. இந்தக் கூட்டை எதுல செய்யுதாவ தெரியுமா?"

நான் அட்டையைப் பார்த்தேன்.

"அதேதான். முழுங்க ஆரம்பிச்ச புதுசுல மருந்துக்கடையில ஆரோ பேசிக்கிட்டிருந்தாவ, காதுல விழுந்துட்டு. அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். வலியில ராவெல்லாம் முனங்கினேன், மறுநா முழுங்கிட்டேன். பொறவு தெனமும். கூட்டைப் பிரிச்சுப் பொடியத் திங்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டிருக்கலாம். கேட்டா மத்தவாளுக்குத் தெரிஞ்சிருமேன்னு அதுவும் கேக்கல. ஒங்க அண்ணாச்சிக்குத் தெரியாது. தீட்சை குடுத்தவாளுக்குத் தெரியாது. நான் வெளிய சொம்புத் தண்ணி குடிக்கதை ஊரே பாத்திருக்கு."

அவர் குரல் தாழ்ந்தது. "ஆறு வருசமா நான் சொல்லாததை நீ மூணு நாளுல வந்து சொல்லிட்டே."

எனக்குக் கண் நிறைந்தது.

"நீ எதுக்குட்டி அழுதே? எனக்குல்லா பவுடர் அழியுது" என்றார். உண்மையிலேயே இரண்டு கோடுகள் வழிந்திருந்தன. நானே துடைத்து மீண்டும் பூசினேன்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கேக் வெட்டப்பட்டது. மதினி கத்தியைக் கையில் எடுத்ததும் வெட்டவில்லை. ருகையாவை அருகே அழைத்தார். எண்பது பேர் முன்னிலையில், "இதுல என்னென்ன போட்டிருக்கு, ஒண்ணு விடாமச் சொல்லும்மா" என்றார். ருகையா நிமிர்ந்து நின்று, சர்க்கரையில் தொடங்கிக் கடற்பாசி வரை, வாய்மொழித் தேர்வில் நிற்கும் மாணவிபோல் ஒவ்வொன்றாக ஒப்புவித்தாள். இன்னதுதான் என்று அறிந்து நிற்பவளின் குரல் அது. அவ்வளவு அழகை நான் எந்தக் கேக்கிலும் கண்டதில்லை.

மதினி அண்ணாச்சிக்கு ஒரு துண்டு ஊட்டினார். அவருடைய கையால் தாம் ஒரு துண்டு உண்டார். அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீ திண்ணு மூணு நா இருக்கும். வாயத் தொற."

திறந்தேன். ஒரு மடிப்பு முழுதாக உள்ளே போயிற்று.

"இப்ப உண்மையச் சொல்லு. எப்படி இருக்கு?"

எண்பது பேர் பார்த்திருந்தனர். ருகையாவும் பார்த்திருந்தாள். அமுதம் என்று கூறலாம். அதற்குரிய சொற்கள் என்னிடம் ஏராளம் உண்டு.

"இனிப்பு கூடிப்போச்சு மதினி" என்றேன்.

"ஆமாட்டி. எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்றார் மதினி. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.